பால் நம்முடையது, விலை யாருடையது?
(பங்கு வெள்ளி விழாவையொட்டி நடந்த உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருக்கு நாள் தொடங்குவது கோயில் மணி கேட்டு அல்ல, தொழுவத்தில் மாடு கத்துவதைக் கேட்டுத்தான். ஆகவே நம்மைப்போல மாடு வளர்த்துப் பிழைத்த மக்களின் வரலாறு ஒன்றை இன்று சொல்லலாம் என்று எண்ணினோம். அது குஜராத் மாநிலத்துக் கேடா மாவட்டத்தின் வரலாறு. 1997-ல் அம்மாவட்டம் கேடா, ஆனந்த் என்று இரண்டாகப் பிரிந்தது. நாம் சொல்லப்போவது ஒன்றாயிருந்த பழைய கேடாவைப் பற்றி.

சபர்மதி, மகி ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடையே உள்ள மண் அது. புகையிலை, கம்பு, நெல், பருத்தி விளையும். பயிர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான் காசு தரும். எருமையோ காலையும் மாலையும் தரும். வயலில் மிஞ்சிய தட்டையையும் வரப்புப் புல்லையும் தின்றே அது பால் கொடுக்கும். அதனால் சிறு விவசாயியின் வீட்டிலும் ஒன்றிரண்டு எருமைகள் நிற்கும். அடுப்பு எரிவதும், பிள்ளை பள்ளிக்குப் போவதும், கடன்காரன் வாசலில் நிற்காமல் இருப்பதும் அந்தப் பாலால்தான்.

ஆனால் விலை சொல்கிறவன் வேறு ஆள். பால் ஒருநாள் வைத்தால் கெட்டுவிடும். வாங்குபவனுக்கு அது தெரியும். 1945-ல் பம்பாய் அரசு நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆனந்திலிருந்து ஏறத்தாழ 425 கிலோமீட்டர் தூரம் ரயிலில் பால் போயிற்று. அதை வாங்கி அனுப்பும் உரிமை போல்சன் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நகரத்தில் நல்ல விலை; கறந்தவன் கைக்கு வந்தது சிறு பங்கு.

விவசாயிகள் சர்தார் வல்லபாய் படேலிடம் முறையிட்டார்கள். அவர் சொன்ன வழி எளியது, ஆனால் கடினமானது: சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் வையுங்கள், அதற்கு அனுமதி கிடைக்காவிட்டால் பாலை விற்காதீர்கள். 1946 ஜனவரியில் சமர்கா கிராமத்தில் கூடி முடிவெடுத்தார்கள். பதினைந்து நாள் வணிகரிடம் ஒரு சொட்டுப் பாலும் போகவில்லை.

பதினைந்து நாள் என்று வாயால் சொல்லிவிடுகிறோம். பால் காசை நம்பியே உப்பும் எண்ணெயும் வாங்குகிற வீட்டில் அது எத்தனை நீளமான நாள்கள் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஒரே ஒரு வீடு இரவோடு இரவாகப் பாலை விற்றிருந்தால் போராட்டம் அன்றே முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை, அரசுதான் இறங்கிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவர். தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு 250 லிட்டர் அளவு பால்.

1949-ல் வர்கீஸ் குரியன் என்ற இளம் பொறியாளர் ஆனந்துக்கு அரசு வேலையாக வந்தார். கோழிக்கோட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, நம் சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். எப்போது ஊரைவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தவரை, பழுதான இயந்திரங்களைச் சரிசெய்து தரும்படி திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். தங்கினார். 2012-ல் கண்மூடியதும் அதே சீமையிலுள்ள நடியாதில்தான்.

குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். அப்போது பாலை வாங்க ஆளிருக்காது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று அந்நிய வல்லுநர்கள் சொன்னார்கள். குரியனுடன் பணியாற்றிய எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். 1955-ல் அதற்கான தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். அந்தப் பாலின் பெயர்தான் அமுல்.

1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அஜர்புரா கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் இரவு தங்கி, மக்களோடு பேசினார். மண்ணிலும் மழையிலும் தனிச் சிறப்பு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. பால்பண்ணை விவசாயிகளுக்கே சொந்தம் என்பதுதான் அவர் கண்ட வேறுபாடு. மறு ஆண்டு தேசிய பால்வள வாரியம் ஆனந்தில் பிறந்தது. கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற அதே மூன்றடுக்கு அமைப்பில்தான் நம் ஆவினும் இயங்குகிறது.

இதில் நாம் மறைக்கக் கூடாத குறையும் உண்டு. சாணம் அள்ளியதும், தீவனம் வைத்ததும், கறந்து சுமந்ததும் பெண்கள். சங்கப் பதிவேட்டிலோ நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்களின் பெயரே இருந்தது. நிலமில்லாதவர் எருமை வாங்கினாலும் பசுந்தீவனத்துக்குப் பிறர் வயலையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. எனினும் சங்க வாசல் வரிசையில் நிலக்காரரும் கூலிக்காரரும் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். பாலின் அளவுக்கும் கொழுப்புச் சத்துக்கும்தான் விலை. கொண்டுவந்தவரின் சாதிக்கு விலையில்லை.

அன்பர்களே, விழா முடிந்து நாளை காலை நாமும் பாலைச் சுமந்து செல்வோம். அப்போது மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். நம் பாலை அளப்பதை நாம் பார்க்கிறோமா? சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நாம் போகிறோமா, அல்லது நாலு பேர் முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறோமா? பால் அட்டையில் இருப்பது யார் பெயர், கறக்கிறவர் பெயரா?

மூன்றாவது கேள்விக்கு விடை தேட ஆனந்துக்குப் போக வேண்டியதில்லை. இன்று இரவு வீட்டிலேயே அட்டையை எடுத்துப் பார்க்கலாம்.