நான்காம் ஆண்டின் பயன்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மின்பொறியியல் கற்க விரும்பும் எம் மாணவருட் சிலர் இங்கிலாந்தின் சர்வகலாசாலைகளை நாடுகின்றனர். அங்கே இளமாணிப் படிப்பையும் முதுமாணிப் படிப்பையும் ஒன்றாக இணைத்து, நான்கு ஆண்டுகளில் முடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. ஸ்கொத்லாந்திலே அது ஐந்து ஆண்டுகள். "மூன்று ஆண்டில் ஒரு பட்டம், மேலும் ஓராண்டு இருந்தால் உயர்ந்த பட்டம், இதனினும் இலாபம் வேறுண்டோ?" என்று பலர் கணக்கிடுகின்றனர். இக்கணக்குச் சரியானதா என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

இந்தப் படிப்பு பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. பிரித்தானிய அரசாங்கம் 1977இல் அமைத்த, சேர் மொன்டேகு பினிஸ்டன் தலைமை தாங்கிய குழு, பொறியியலாளரின் கல்வியும் பயிற்சியும் திருந்த வேண்டுமென 1980இல் அறிக்கை வெளியிட்டது. இன்று அந்நாட்டிலே பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கு வேண்டிய கல்வித் தகைமை, அங்கீகாரம் பெற்ற இவ்விணைப் படிப்பினால் முழுமையாக நிறைவேறுகின்றது. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் பெற்றவரோ மேற்கொண்டும் கற்றாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் முடிவில் முதுமாணிப் பட்டம் ஒன்றே வழங்கப்படும். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இரு பட்டங்களும் கிடைக்கின்றன.

பட்டத்தின் பெயரை விட்டு, படிப்பின் உள்ளே சென்று பார்ப்போம். ஆடலோட்ட மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டில் மாணவன் அதனைச் சிக்கலெண்களால் கணிக்கப் பழகுகின்றான். இரண்டாம் ஆண்டில் அதே மின்சாரம் மின்மோட்டரைச் சுழற்றும் விதத்தையும், மின்மாற்றியில் அழுத்தம் மாறும் விதத்தையும் அறிகின்றான். மூன்றாம் ஆண்டில் நாடு முழுவதும் பரந்த மின்வலையமைப்பில் வலு எவ்வழியாகப் பாய்கின்றது என்று கணக்கிடுகின்றான். இம்மூன்று ஆண்டுகளிலும் அவன் முன் வைக்கப்படும் கணக்குகளுக்குப் பெரும்பாலும் விடை உண்டு. விடை ஆசிரியருக்குத் தெரியும்.

நான்காம் ஆண்டில் நிலைமை மாறுகின்றது. 2019 ஆகஸ்ட் 9ஆம் திகதி மாலை இங்கிலாந்தில் மின்கம்பிப் பாதை ஒன்றில் இடி விழுந்தது. சில கணங்களுள் கடற் காற்றாலைத் தொகுதி ஒன்றும் எரிவாயு மின்னிலையம் ஒன்றும் வலுவை இழந்தன. அதிர்வெண் 50 ஹேட்ஸிலிருந்து 48.8 வரை இறங்கியது. வலையமைப்பைக் காப்பதற்காகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பாவனையாளரின் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்பட்டது. புகையிரதங்கள் வழியில் நின்றன.

பழைய மின்னிலையங்களிலே பெருஞ்சுழலிகள் கனத்தோடு சுழல்வதால், வலு திடீரெனக் குறைந்தாலும் அச்சுழற்சி அதிர்வெண்ணைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். சூரியப் பலகைகளும் புதிய காற்றாலைகளும் இலத்திரன் கருவிகள் மூலமே வலையமைப்புடன் இணைவதால், அத்தகைய தாங்குதல் அவற்றிடம் இயல்பாக இல்லை. அதை எவ்வாறு ஈடுசெய்வது? மின்கலங்களாலா, கட்டுப்பாட்டு முறைகளாலா, சுமையின்றிச் சுழலும் இயந்திரங்களாலா? எதற்கு எவ்வளவு செலவாகும்? இத்தகைய வினாக்களே நான்காம் ஆண்டு மாணவனுக்கு உரியவை. அவன் தனியே அன்றி, குழுவாகவும் உழைக்க வேண்டும். தான் எடுத்த முடிவை மற்றவர் வினவும்போது, அதற்கு நியாயம் கூறவும் வேண்டும்.

இனி, சேருமுன் எண்ண வேண்டியவை சில. இணைப் படிப்பில் சேர்ந்தவர் எல்லோரும் முதுமாணி ஆவதில்லை. இடையில் வேண்டிய புள்ளி பெறாதவர் பொதுவாக மூன்றாண்டுப் பட்டத்துக்கு மாற்றப்படுவர். அப்பட்டம் இழிந்ததன்று. எனினும், நான்காண்டை நம்பிக் கடன்பட்ட பெற்றோருக்கு இதனை முன்னரே சொல்லி வைத்தல் வேண்டும். வெளிநாட்டு மாணவர் செலுத்தும் கட்டணம் அந்நாட்டவர் செலுத்துவதிலும் மிகக் கூடியது என்பதையும் மறவாதீர்கள்.

எம் நாட்டிலே பேராதனை, மொறட்டுவை ஆகிய சர்வகலாசாலைகளின் பொறியியற் பட்டப் படிப்பே நான்கு ஆண்டுகளுக்குரியது. 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்புரிமை பெற்றது. அவ்வுடன்படிக்கையின்படி, ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியற் பட்டத்தை ஏனைய உறுப்பு நாடுகளும் தம்முடையதற்கு ஏறத்தாழ நிகராக மதிக்கின்றன. ஆகவே இங்கே பட்டம் பெறும் ஒருவர், பின்னர் பன்னிரண்டு மாத முதுமாணிப் படிப்புக்கு மட்டும் இங்கிலாந்து செல்லலாம். அவருக்கு ஓராண்டு கூடுதலாகச் செல்லும். பணமோ பெரிதும் மிஞ்சும். நான்கு ஆண்டு கற்றபின் தமக்கு எது பிடித்த துறை என்பதையும் அவர் அறிந்திருப்பார்.

ஆகையால், இளைஞர்களே, இணைப் படிப்பை நாடுமுன் அச்சர்வகலாசாலையின் நான்காம் ஆண்டுப் பாடங்களை வாங்கிப் படித்துப் பாருங்கள். அவை உங்கள் மனத்தில் ஆவலை எழுப்பினால் துணிந்து சேருங்கள். பட்டத்தின் பெயர் ஒன்றே ஆவலை எழுப்பினால், இளமாணிப் படிப்பை நன்றாக முடித்து, சிலகாலம் தொழில் செய்து, பின்னர் முடிவு செய்யுங்கள். மின்சாரம் நின்ற வேளையில் அதனை மீட்கத் தெரிந்தவரையே நாடு தேடும். அவ்வறிவை எந்த வழியால் பெற்றாலும் நன்றே.