இலக்கமும் பேரேடும்

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறிச் செல்பவர் மலை விளிம்பில் நின்று கீழே நோக்கினால், வெல்லஸ்ஸ நாடு விரிந்து கிடப்பதைக் காண்பார். 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்த நாடு அது. அத்தகைய நிலத்தின் அருகே பழைய ஆயுதம் ஒன்று அகப்பட்டால், அதன்மேல் ஒரு கதை வந்து படர்வதற்கு நெடுநாள் செல்லாது. தோட்டத்துப் பங்களா ஒன்றின் பரண்மீது துருவேறிய ரிவோல்வர் ஒன்று கண்டெடுக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். "இது ஊவாக் கலகத்தில் வெடித்தது" என்பார் ஒருவர். "அன்று, றொஜர்ஸ் துரையின் இடுப்பில் தொங்கியது" என்பார் மற்றொருவர். மேஜர் றொஜர்ஸ் பதுளையில் அரசாங்க அதிகாரியாக விளங்கியவர். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் கொன்றார் எனப் பேர்போனவர். 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டவர். பதுளைப் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்ததே.

இவ்விரு கதைகளும் நில்லா என்பதைத் துப்பாக்கியைப் பிரித்துப் பாராமலே கூறிவிடலாம். எலிஷா கொலியர் என்னும் அமெரிக்கர் 1818இல் இங்கிலாந்திலே சுழல் துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார் என்பது மெய்தான். ஆனால் அது சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிப்பது. சாமுவேல் கோல்ட் தம் புகழ்பெற்ற சுழல் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் 1835இலும் அமெரிக்காவில் 1836இலும் உரிமை பெற்றார். உலோகத் தோட்டாவை உருளையின் பின்புறமாக இடும் ரிவோல்வரை ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனியார் விற்பனைக்குக் கொணர்ந்ததோ 1857இல். பரணிற் கிடைத்தது அவ்வகைத் தோட்டாவை ஏற்பதாயின், 1845இல் மாண்டவருடைய கைக்கு அது எட்டியிருக்க வழியேயில்லை.

இவ்வாறு, எக்காலத்துக்கு முற்பட்டதன்று என்பது துணியப்படும். எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதைத் துணிவதற்கோ இரும்பின்மேற் பொறித்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தல் வேண்டும். முதலிற் படிக்கத் தக்கது செய்தவர் பெயர். பேர்மிங்ஹாம் நகரத்து வெப்லி குடும்பத்தாரின் தொழிலகம் 1897இல் பிற கம்பனிகளோடு இணைந்து 'வெப்லி அன்ட் ஸ்கொட்' எனப் பெயர் கொண்டது. ஆகவே, ஸ்கொட் என்னும் பெயரையும் சேர்த்துத் தாங்கிய கைத்துப்பாக்கி அவ்வாண்டுக்கு முற்பட்டதாதல் அரிது.

அடுத்தது சோதனை முத்திரை. அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டு வெடித்துப் பார்த்து, பிளவுபடாமல் நின்ற குழலுக்கே சோதனைச்சாலையார் முத்திரையிடுவர். பேர்மிங்ஹாமில் இதற்கென ஒரு சாலை 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. அம்முத்திரைகளின் வடிவம் 1904, 1925, 1954ஆம் ஆண்டுகளின் விதிகளால் மாறியது. ஆனால் இங்கே விழிப்பு வேண்டும். முத்திரை சொல்வது சோதித்த காலத்தை; செய்த காலத்தை அன்று. 1880இல் பெல்ஜியத்திற் செய்த துப்பாக்கி ஒன்று 1930இல் இங்கிலாந்துச் சந்தைக்கு வந்திருப்பின், 'ஆங்கிலச் செய்பொருள் அன்று' என்னும் பொருளுடைய பிற்கால முத்திரையைப் பெற்றிருக்கும். அதைக்கொண்டு துப்பாக்கியின் பிறப்பைக் கணிப்பவர் ஐம்பது ஆண்டு பிழைபடுவார்.

இனித் தொடர் இலக்கம். பலரும் இதனையே முதற்கண் தேடுவர்; தேடிக் கண்டதும் ஆண்டு தெரிந்துவிட்டதாக எண்ணி மகிழ்வர். இலக்கம் தனித்து நின்று எதனையும் சொல்வதில்லை. ஒரே கம்பனி ஒவ்வொரு மாதிரிக்கும் ஒன்று என்ற எண்ணிலிருந்து புதிதாகத் தொடங்குவது வழக்கம். ஆதலால் ஐயாயிரமாவது இலக்கம் அக்கம்பனியின் பல மாதிரிகளிலும் இருக்கும். முன்னர் மாதிரியை அறிந்து, பின்னரே இலக்கத்தை நோக்குதல் முறை. கோல்ட் கம்பனியின் 1851ஆம் ஆண்டு மாதிரியில் உடற்கூடு, குழல், விசைக்காப்பு, பிடி எனப் பல உறுப்புகளில் ஒரே இலக்கம் இருத்தல் வேண்டும். குழலில் ஓர் எண்ணும் பிடியில் வேறோர் எண்ணும் காணப்படின், இரண்டு துப்பாக்கிகள் சேர்ந்து ஒன்றானமை வெளிப்படை. அப்போது எதன் வயதைக் கணிப்பது?

இலக்கத்துக்கு வாய் தருவது தொழிற்சாலைப் பேரேடு. அமெரிக்காவின் கோல்ட், ஸ்மித் அன்ட் வெஸன் ஆகிய இரு கம்பனிகளின் பழைய பேரேடுகளைப் பார்த்து, கட்டணத்துக்கு விடை எழுதித் தரும் ஏற்பாடு உண்டு. இன்ன இலக்கமுடையது, இத்தனை அங்குலக் குழலுடன், இன்ன நாளில், இன்ன வணிகருக்கு அனுப்பப்பட்டது என்று அக்கடிதம் கூறும். ஆனால் அது சரக்கு வாயிலைக் கடந்த நாளே. உடற்கூட்டில் இலக்கம் அடித்த பின்னர் அத்துப்பாக்கி பண்டசாலையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததும் உண்டு. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898ஆம் ஆண்டு முடியுமுன் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. ஆதலின் அங்கே 1898இற் செய்து 1905இல் அனுப்பிய ஒன்றைப் பற்றி வழக்கு எழுமாயின், இவ்விரு நாட்களின் வேறுபாடே தீர்ப்பாகிவிடும்.

அந்த அளவுகோலை இலங்கைக்குக் கொண்டுவந்து பொருத்துதல் தகாது. இங்குள்ள 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் முதலிற் கேட்பது அனுமதிப்பத்திரத்தை. பரணில் ரிவோல்வர் கண்டவர், உருளையுள் தோட்டா உறங்குகின்றதா என்று சுழற்றிப் பார்ப்பதும், எண்ணெயிட்டுத் தேய்ப்பதும் வேண்டா. பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தலே முதற் கடமை. இலக்கத்தை அவர்கள் முன்னிலையிற் படித்துக்கொள்ளலாம்.

மடுல்சீமையில் அகப்படுவது பெரும்பாலும் எதுவாக இருக்கக்கூடும்? வெப்லியார் ஐரிஷ் பொலிஸ் படைக்கெனச் செய்த மாதிரி 1868இல் வழக்குக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1869இல், மடுல்சீமையின் கல்லூலத் தோட்டத்துக் கோப்பி இலையிலே செம்மஞ்சள் துருநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1900இல் தோட்டத் துரைமாரைக் கொண்ட துப்பாக்கிப் படை ஒன்று அமைக்கப்பட்டது. அப்படையினர் 1914இல் எகிப்துக்குச் சென்றனர். ஆங்கிலப் படை அதிகாரிகள் தம் ரிவோல்வரைத் தம் பணத்திலேயே வாங்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அரசாங்கத் தோட்டாவை ஏற்றால் போதும். 1915இல் வந்த வெப்லி ஆறாம் மாதிரியிலோ செய்த ஆண்டே உடற்கூட்டின் இடப்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பேரேடும் வேண்டா, ஆராய்ச்சியும் வேண்டா. கோப்பிக் காலத்தது என்று புகழப்படும் துப்பாக்கியில் 1917 என்னும் எண் தெளிவாகத் தெரியுமாயின், கதை அங்கேயே முடிந்துவிடும். மறுபுறம், 'புல்டோக்' என்னும் குட்டை ரிவோல்வரைப் பார்த்து பெல்ஜியத்துப் பட்டறைகள் பலவும் மலிவாகச் செய்து தள்ளியவற்றின் பலவற்றுக்குப் பேரேடே கிடையாது. எண் இருக்கும், எண்ணுக்குப் பின்னால் ஒன்றும் இராது.

எண்ணுக்குப் பின்னால் ஏடு இல்லாத நிலை இம்மலைகளுக்குப் புதியதன்று; இங்கு இலக்கம் பொறிக்கப்பட்டவை ஆயுதங்கள் மட்டுமல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்குத் தகரச் சீட்டு வழங்கப்பட்டது. தோட்டத்தின் பதிவு எண்ணும், ஆளின் தொடர் இலக்கமும் அந்தத் தகர வில்லையிலே அடிக்கப்பட்டிருக்கும். வழியில் ஆள் தப்பிப்போகாமல் உரிய தோட்டத்திற் போய்ச் சேர்வதற்காக ஏற்பட்ட முறை அது. கோல்ட் துப்பாக்கியின் இலக்கத்தைப் போலவே, அவ்விலக்கமும் வந்தவர் பெயரையோ ஊரையோ ஆண்டையோ தானாகக் கூறாது. துரையின் அலுவலகத்து ஏட்டோடு ஒத்துப் பார்த்தாலன்றி அது வெறும் தகரமே.

ஏட்டின் தேவை 1949இல் வந்தது. அவ்வாண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிறுவ வேண்டியிருந்தது. கொழுந்து பறித்த கைகளுக்கு, இன்ன ஆண்டில் இங்கே இருந்தேன் என்பதற்குச் செக்ரோலையும் சம்பளப் புத்தகத்தையும் விட நல்ல சாட்சி வேறு என்ன இருந்தது? அவையோ தொழிலாளர் கையில் இருந்தவை அல்ல. நூறாண்டுக்கு முன் ஹார்ட்ஃபர்ட் நகரிலிருந்து புறப்பட்ட ஒரு கைத்துப்பாக்கி எந்நாளில் யாருக்குச் சென்றது என்று கேட்டால் விடை வரும். அதே காலத்தில் மடுல்சீமைக்கு நடந்து ஏறிய ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால், பெரும்பாலும் விடை இல்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. மடுல்சீமையின் பெயரையே தாங்கிய கம்பனி அவற்றுள் ஒன்று. இத்தனை கைமாற்றத்துக்கும் தப்பிய செக்ரோல் எங்கேனும் ஓர் அலுமாரியின் அடித்தட்டிற் கிடைக்குமாயின், கண்டவர் அதனைத் தைக்கவோ, ஏடுகளைப் பிரிக்கவோ முற்படாது, எந்தத் தோட்டத்தது, எவ்விடத்திற் கிடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்து, கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்துக்கு அறிவித்தல் வேண்டும். பாட்டனின் தகர வில்லையைப் பெட்டிக்குள் வைத்திருப்பவர் எவரேனும் இருப்பின், அதில் உள்ள எண்ணையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.