பொக்ரான் மண்ணும் மரலிங்கா மண்ணும்
(கொரட்டூர்க் கூட்டத்தில் பேசியது)

1998-ஆம் வருஷம் மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். உடனே விசுவ இந்து பரிஷத்தார் அங்கே கோயில் கட்டவேண்டும், அம்மண்ணை ஊரூராய்ப் பிரசாதமாகக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கதிரியக்கம் இருந்தால் என்னாவது என்று பிறர் கேட்ட பின்புதான் அப்பேச்சு அடங்கிற்று. பூமிக்குள் வெடித்ததால் வெளியே கேடில்லையென்று சர்க்கார் சொல்லிற்று. இருக்கட்டும். அளந்து பார்க்குமுன்னே நெற்றியில் இட்டுக்கொள்ளச் சொல்லுவதற்கு என்ன பெயர்?

அணுகுண்டுச் சோதனை மண் எப்படிப்பட்டதென்று அறிய ஆஸ்திரேலியாவிலுள்ள மரலிங்காவைப் பாருங்கள். அது பூர்வகுடிகளின் நிலம். பிரிட்டிஷார் 1956 முதல் 1963 வரை அங்கே சோதனை நடத்தி, சுமார் 22 கிலோ புளூட்டோனியத்தைத் தூளாக்கி இறைத்தார்கள். 1967-இல் அம்மண்ணை உழுது புரட்டி, சுத்தமாய்விட்டதென்று சொல்லிப் போனார்கள். பூனை மலத்தை மூடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பூனையினுடையது நாலு நாளில் மக்கிப்போகும். புளூட்டோனியம் பாதியாய்க் குறையவே 24,000 வருஷம்! அத்தூசி மூச்சோடு போய் நெஞ்சில் தங்கினால் புற்றுநோய் வரும். புழுதியில் விளையாடுகிற குழந்தைக்கு அதெப்படித் தெரியும்?

இதற்குப் பரிகாரம் மந்திரமா? நம் கொரட்டூர் ஏரியில் கலந்த கழிவுநீர் கற்பூரம் காட்டினால் தெளியுமா? 1995-க்குப் பிறகு அங்கே கருவியால் அளந்தார்கள். மேல்மண்ணைச் சுரண்டிப் பெரும் பள்ளங்களில் புதைத்து, 5 மீட்டர் நல்ல மண் போட்டு மூடினார்கள். 2000-இல் வேலை முடிந்தது. செலவு 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். வெடித்தவர்கள் கொடுத்ததோ 2 கோடி பவுன். மீதி ஆஸ்திரேலிய ஜனங்களின் வரிப்பணம். இவ்வளவு செய்தும், ஒரு பகுதியில் வேட்டையாடலாம், கடந்து போகலாம், தங்கக் கூடாது என்றுதான் அந்நிலத்துக்காரர்களுக்கே பலகை நட்டிருக்கிறார்கள்.