தூசியா, சூரியப் புள்ளியா?



கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் தூண் பாறையில் மேகம் விலகக் காத்திருப்பார்கள். அதே ஊரில், 2,343 மீட்டர் உயரத்தில், மேகம் விலகக் காத்திருக்கும் இன்னொரு இடம் உண்டு. அது 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டது இங்கேதான். 1904 முதல் இங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள்.

பழைய படங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிந்தவை. அவற்றைக் கணினியில் ஏற்றியபோது, காலம் சேர்த்த தூசியும் கீறலும் கூடவே ஏறிவிட்டன. அவற்றை எப்படிக் களைவது?

பள்ளிக் கணக்கில் படித்த 'இடைநிலை அளவு' இங்கே கைகொடுக்கிறது. கணினிப் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வெளிச்ச எண் உண்டு. கருப்பு 0, வெள்ளை 255. பக்கத்துப் பக்கத்தில் ஐந்து பிக்சல்கள்: 52, 50, 255, 51, 53. நடுவில் இருக்கும் 255 ஒரு கீறல். சராசரி எடுத்தால் சுமார் 92 வரும். கீறல் மறையாது, அக்கம்பக்கத்திலும் அப்பிக்கொள்ளும். ஐந்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள்: 52. கீறல் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. அது 255 ஆனாலும் 155 ஆனாலும் விடை மாறாது. படம் முழுக்க, மூன்றுக்கு மூன்று சதுரமாக நகர்ந்து, ஒன்பதில் ஐந்தாவது எண்ணை எடுத்துக்கொண்டே போவதுதான் இடைநிலை வடிகட்டி. சூரியனின் விளிம்பும் இதில் மங்காது. எந்தப் பக்கம் பெரும்பான்மையோ, அந்தப் பக்கத்து எண்ணே நிற்கும். இப்படி நகரும் இடைநிலையை 1970-களில் முன்வைத்தவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி.

சதுரத்தை மிகப் பெரிதாக்கினால் வேறொரு பயன். சூரிய வட்டம் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும். பெரிய சதுரத்தின் இடைநிலை, புள்ளிகளைக் கணக்கில் கொள்ளாமல் அந்த அமைதியான பின்னணியை மட்டும் தருகிறது. அதை நீக்கிப் பார்த்தால், சூரியன் கொந்தளிக்கும் இடங்கள் பளிச்சென்று தெரியும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மிகச் சிறிய சூரியப் புள்ளியும் இந்த வடிகட்டிக்குத் தூசிதான், இரக்கமில்லாமல் துடைத்துவிடும். அப்போது மறுநாள் தகட்டைப் பார்க்க வேண்டும். உண்மைப் புள்ளி மறுநாளும் நீடித்தால், சூரியன் சுழல்வதால் சற்றே நகர்ந்திருக்கும். கீறலோ மறுநாள் தகட்டில் இருக்காது. வடிகட்டிய படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சந்தேகம் வந்தால் மூலத் தகட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். கீறலோடும் தூசியோடும் அந்தக் கண்ணாடிகளைக் காப்பது அதனால்தான் அவசியம்.