விமானத்தைப் பறக்கச் செய்வோர்



ஆகாய விமானம் எதனால் பறக்கிறது என்று வினவினால், இயந்திரத்தின் விசையாலும் இறக்கைகளின் அமைப்பாலும் என்பீர்கள். பௌதிகப் பாடத்தில் அதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஒரு விமான நிறுவனம் எதனால் பறக்கிறது என்பதோ வேறொரு வினா. இன்று அதனைச் சற்றே ஆராய்வோம்.

1932ஆம் ஆண்டில் ஜே. ஆர். டி. டாட்டா, தபாற்பைகளுடன் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்தார். 1935இல் அந்நிறுவனத்தின் விமானம் திருவனந்தபுரத்திற்கும் தபால் கொணர்ந்தது. நம் நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூரில் அடங்கியிருந்தது. அந்நிறுவனமே பின்னர் ஏர் இந்தியா ஆயிற்று. 1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானபொழுது, வெளிநாட்டு வழிகள் ஏர் இந்தியாவையும், உள்நாட்டு வழிகள் இந்தியன் ஏர்லைன்ஸையும் சேர்ந்தன.

2007இல் இவ்விரண்டும் இணைக்கப்பட்டன. பெயர் ஒன்றாயிற்று; மனிதரோ இரு கூறாகவே நின்றனர். ஊதிய முறை வேறு, பதவி உயர்வு முறை வேறு, சங்கங்கள் வேறு. சம ஊதியம் கோரி, முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் 2011இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கும் போயிங் 787 விமானப் பயிற்சி அளிப்பதை எதிர்த்து, மறு ஆண்டு ஏர் இந்தியா விமானிகள் 58 நாட்கள் பணிக்கு வரவில்லை. கடனும் எரிபொருள் விலையும் போட்டியும் நிறுவனத்தை வாட்டின என்பது மெய்யே. ஆயினும், தன் இடம் பறிபோகுமோ என்று அஞ்சுவோரைக் கொண்டு அவற்றை எவ்வாறு எதிர்த்து நிற்பது?

இதனை நான் ஏட்டில் மட்டும் கற்றவன் அல்லேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியுடன் பக்கத்துப் பள்ளி ஒன்று இணைக்கப்பட்டது. பாடவேளை அட்டவணையை ஒன்றாக்கினேன். வருகைப் பதிவேட்டை ஒன்றாக்கினேன். வேலை முடிந்தது என்றிருந்தேன். ஆசிரியர் அறையில் இரண்டு தண்ணீர்ப் பானைகள் இருந்ததைக் கவனித்தேன் அல்லேன். யார் மூத்தவர் என்ற வழக்கில் மனம் நொந்த கணித ஆசிரியர் ஒருவர், மாலையில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை நிறுத்திவிட்டார். சட்டப்படி அவர்மீது குற்றமில்லை. அந்த மாலைப் பாடம் எந்த உத்தரவாலும் வந்ததன்று. ஆகவே எந்த உத்தரவாலும் அதனை மீட்க இயலவில்லை. முதல் நாளே அனைவரையும் அமர்த்தி, மூப்புப் பட்டியலை வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும். பிழை என்னுடையதே.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம், 1972இல் பணமுடையால் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. ஊழியர்களோ, விமானம் தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்து, நான்கின் வேலையை மூன்றால் முடித்தனர். மனமொத்த உழைப்பின் பயன் அது.

2022 ஜனவரி 27இல் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் சேர்ந்தது; 2024 நவம்பரில் விஸ்தாராவும் அதனுடன் இணைந்தது. பழைய வினாவே மீண்டும் எழுந்தது.

புதிதாய் வாங்கிய காளையைப் பழைய காளையுடன் உடனே ஏரில் பூட்டமாட்டான் நம் ஊர் உழவன். சில நாள் ஒரே தொழுவில் கட்டிப் பழக்குவான். நாளை நீங்கள் நிர்வாகிகள் ஆகும்பொழுது, பதிவேடுகளை இணைக்கும் முன் அத்தொழுவை நினைவுகூருங்கள்.