அழிக்கும் முன் ஒரு நிமிடம்

(திருப்பரங்குன்றத்தில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு புது மடிக்கணினி வாங்கினேன். அதில் ஏற்றப்பட்டிருந்த வேண்டாத செயலிகளை ஒழிக்க, விண்டோஸைப் புதிதாக நிறுவ முடிவெடுத்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய கருவி, குறைந்தது 8 ஜிபி பென் டிரைவ் கேட்டது. மேசையில் கிடந்ததைச் செருகினேன். அதிலுள்ள அனைத்தும் அழியும் என்று எச்சரிக்கை வந்தது. சரியாகப் படிக்காமல் ‘அடுத்து’ என்பதை அழுத்திவிட்டேன்.

அதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தம் பாட்டிமாரிடம் பதிவுசெய்து வந்த தாலாட்டுகள் இருந்தன. வேறு நகல் இல்லை. மூன்று பாட்டிமார் மறுபடியும் பாடிக் கொடுத்தார்கள். நான்காமவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே, நிறுவும் முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுங்கள்; அங்கே திறந்தும் பாருங்கள். பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். வெற்று பென் டிரைவையே பயன்படுத்துங்கள். விண்டோஸுடன் வரும் புதுக் கணினிகளில் உரிமக் குறியீடு பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே இருக்கும். அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் போதும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அப்படி இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில், எந்தப் பகுதியை அழிக்கிறோம் என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள்.

இப்போது எங்கள் வகுப்பின் பதிவுகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அவற்றைத் திறந்து சரிபார்ப்பவர், அந்தப் பேத்திதான்.