பெண்ணா? புலியா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காதலும் பொறாமையும் ஒரே நெஞ்சிற் குடியிருந்தால் எது வெல்லும்? இவ்வினாவை எழுப்பி, விடை கூறாமலே முடிந்துவிடும் ஒரு கதையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம். அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஸ்ரொக்ரன் எழுதி, 1882ஆம் ஆண்டு நவம்பரில் 'செஞ்சுரி' சஞ்சிகையில் வெளிவந்த 'பெண்ணா, புலியா?' என்பதே அது. ஆங்கில வகுப்பில் நம்மிற் சிலர் அதைப் படித்திருக்கலாம்.

அரைநாகரிக மன்னன் ஒருவன். குற்றஞ் சாட்டப்பட்டவனை அரங்கின் நடுவே நிறுத்துவான். எதிரே இரு கதவுகள். ஒன்றின் பின்னே பசித்த புலி; மற்றதன் பின்னே, அவனுக்கு ஏற்றவளென மன்னன் தெரிந்தெடுத்த பெண். புலி வந்தால் அவன் குற்றவாளி. பெண் வந்தால் நிரபராதி, அவ்விடத்திலேயே திருமணம். அவனுக்கு முன்னரே மனைவி மக்கள் இருப்பினும் அதுபற்றிக் கேள்வியில்லை!

மன்னன் மகள் தாழ்ந்த நிலையிலுள்ள ஓர் இளைஞனைக் காதலித்தாள். அக்குற்றத்துக்காக அவன் அரங்கில் நிறுத்தப்பட்டான். எக்கதவின் பின் எது என்பதைப் பொன் கொடுத்து அவள் அறிந்திருந்தாள். அங்கே நிற்பவள் யாரென்பதும் அறிவாள். அவள்மேல் முன்னரே தீராத பொறாமை. இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கை வலப்பக்கம் அசைந்தது. அவன் தயங்காது வலக்கதவைத் திறந்தான். கதை முடிந்தது. 1885இல் ஆசிரியர் ஒரு தொடர்ச்சி எழுதினார். அதிலும் விடையில்லை, இன்னொரு புதிரே கிடைத்தது.

புலியே வந்தது என்பார் உளர். பல இரவும் பகலும் சிந்தித்தே அவள் முடிவு செய்தாள். மற்றவளோடு அவன் மகிழ்ந்திருப்பதை அவள் நெஞ்சம் பொறுக்காது என்பர். பெண்ணே வந்தாள் என்பாரோ, அவன் அலறலைக் கேட்கவும் குருதியைக் காணவும் அவள் சகியாள் என்பர்.

நாம் கருதுவது இது: எக்கதவு திறந்தாலும் அவள் அவனை இழக்கின்றாள். அவளைப் பொறுத்தமட்டில் இழப்பு ஒன்றே. வேறுபாடு அவனுக்குத்தான், ஒன்று உயிர், மற்றது சாவு. ஆகவே, 'எனக்கு என்ன ஆகும்?' என்று கேட்டவளாயின் புலியைக் காட்டியிருப்பாள். 'அவனுக்கு என்ன ஆகும்?' என்று கேட்டவளாயின் பெண்ணைக் காட்டியிருப்பாள். பொறாமையைக் காதலின் நிழலென்று சொல்வது வழக்கம். இரண்டும் ஒரே மனத்தில் பிறந்தாலும், ஒன்று தன்னைப் பார்க்கின்றது. மற்றது பிறனைப் பார்க்கின்றது. இளைஞன் நம்பியதும் இந்த இரண்டாவதையே. அதனாலன்றோ அவன் ஒரு கணமும் தயங்கவில்லை!

இன்னுமொன்று. இளவரசியை எல்லாரும் விசாரிக்கின்றோம்; மன்னனை யாரும் விசாரிப்பதில்லை. இரண்டே கதவுகளை அமைத்தவன் அவன். நிலையிற் குறைந்தவனைக் காதலித்தது குற்றம் என்றவனும் அவனே. கதவின் பின் நின்ற பெண்ணையோ, அவளுக்குச் சம்மதமா என்று எவரும் கேட்கவில்லை.

வாலிப நண்பர்களே, நம் நெஞ்சிற் பொறாமை எழும்போது நாம் யாரைப் பார்க்கின்றோம் என்று கேட்டுக்கொள்வோம். பெரியோர்களே, பிள்ளைகளின் வாழ்வில் இரண்டு கதவுகளை மட்டும் வையாதீர்கள் எனப் பணிவுடன் வேண்டுகின்றோம். மூன்றாவது கதவொன்று இருந்திருப்பின் புலிக்கும் அங்கு வேலை இருந்திராது.